எந்த ‘இன்று’?

“இன்று மாலை வைகையில் உபரிநீர் திறந்துவிடப்படுவதால் கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.” நேற்று மாலை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இந்தப் படம் வந்து விழுந்தது. வதந்தி என்று தள்ளிவிடவும் முடியாது. ஓர் அரசு அலுவலகத்தின் அதிகாரப்பூர்வப் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்ட, முத்திரை குத்திய, அசல் அறிவிப்பு.

வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, மதுரையின் யானைக்கல் தரைப்பாலத்தை இந்நேரம் அடைத்திருப்பார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு, நெரிசலில் ஊரைச் சுற்றி ஒரு மணி நேரம் கழித்துச் செல்லூரில் அப்பத்தா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து ஆற்றை எட்டிப் பார்த்தால், வெள்ளம் வரவேண்டிய இடத்தில் நான்கு எருமைகள் நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு வாட்ஸ்அப் இல்லை.

அதன் பிறகுதான் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடிதத்தை மேசையில் வைத்துக் கைப்பேசியில் கோணலாகப் படம் பிடித்திருக்கிறார்கள். அதிகாரியின் கையொப்பம் முழுமையாக இருக்கிறது, முத்திரை இருக்கிறது, ஓரத்தில் தேநீர்க் குவளையின் நிழல்கூட இருக்கிறது. தேதி இருக்கவேண்டிய மேல் மூலை மட்டும் சட்டகத்துக்கு வெளியே போய்விட்டது. அவர்களுடைய பக்கத்துக்குள் புகுந்து, ஒரே மரக்கன்றை ஒன்பது கோணங்களில் நடும் படங்களையும், எழுத்துப் பிழையோடு கூடிய பண்டிகை வாழ்த்துகளையும் தாண்டித் தாண்டிக் கீழே போனபோதுதான் அது போன மழைக்காலத்து அறிவிப்பு என்று தெரிந்தது.

வைகை அணையில் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. முதலாவது என்றால் கவனமாக இருந்தால் போதும். மூன்றாவது என்றால் மூட்டை கட்ட வேண்டும். இது எத்தனையாவது என்பதையாவது அந்தக் கடிதம் சொல்கிறதா? தேதி, நேரம், நீர்மட்டம், எத்தனை கன அடி, எந்தப் பாலம் மூடல் என்ற அனைத்தையும் எக்ஸ் தளம் தரும் 280 எழுத்துகளுக்குள் தட்டச்சு செய்துவிடலாம். அப்படிச் செய்தால், அதே தெருவில் இருக்கும் பார்வையற்ற ஆசிரியரின் கைப்பேசியும் அதை அவருக்கு வாசித்துக் காட்டும். இப்போது அது அவரிடம் “படம்” என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறது.

பின்னூட்டத்தில் மிகவும் பணிவாகக் கேட்டேன்: “ஐயா, இது எந்தத் தேதிக்கு உரியது?” மரக்கன்றுக்கு வாழ்த்துச் சொன்ன அத்தனை பேருக்கும் கைகூப்பி நன்றி சொல்லியிருந்தவர்கள், எனக்கும் பதில் தந்தார்கள்: “தங்கள் கோரிக்கை சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பி வைக்கப்பட்டுள்ளது.” கடிதத்தின் தலைப்பில் இருக்கும் துறை அவர்களுடையதுதான். தமக்குத் தாமே அனுப்பிக்கொண்டு, இன்னும் வந்து சேரவில்லை என்று காத்திருக்கிறார்கள் போலும்.

இத்தனையையும் நான் வாசலில் நின்று கத்திக்கொண்டிருக்க, அப்பத்தா வெற்றிலையை மடித்தபடி சொன்னார்: “தண்ணி வரலைன்னா நல்லதுதானப்பா, அதுக்கு ஏன் இந்தக் கத்து கத்துற? பரண்ல ஏத்துன அரிசி மூட்டைய இறக்கி வச்சுட்டுப் போ. அடுத்த தடவ நெசமாவே வந்தாலும் நான் ஏத்தச் சொல்லப் போறதில்ல.”

இறக்கினேன். இருபத்தைந்து கிலோ.