தண்ணீரே குடிக்கக் கூடாது என்று வாக்படர் சொல்லவில்லை

அண்ணே, சாப்பிடும்போது ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, சாப்பிட்ட கையோடு கபாலபாதி (வயிற்றை உள்ளிழுத்து மூச்சை வேகமாக வெளியே தள்ளும் பயிற்சி) செய்தால் செரித்து மூளையும் தெளியும், இதுதான் ஆயுர்வேதம் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு. அஷ்டாங்க ஹிருதயம் என்ற பழைய ஆயுர்வேத நூலில் அதை எழுதிய வாக்படர் சொல்வது வேறு: சாப்பாட்டுக்கு முன் குடித்தால் உடல் இளைக்கும், முடித்தபின் குடித்தால் பருக்கும், நடுவில் குடித்தால் சமமாக இருக்கும். வயிற்றில் இரண்டு பங்கு சோறு, ஒரு பங்கு நீர், மீதியைக் காற்றுக்கு விடு என்பதும் அவர் கணக்குதான். நம் தஞ்சாவூர்ப் பக்கம் குழம்புக்கு அப்புறம் ரசம், கடைசியில் மோர் என்று சாப்பிடுகிறோமே, அந்த ஒரு பங்கு பெரும்பாலும் அதிலேயே வந்துவிடும்.

கபாலபாதிதான் எனக்குப் பதற்றம். அது ஹடயோகத்தின் ஆறு சுத்திகிரியைகளில் ஒன்று, வெறும் வயிற்றில் செய்ய வேண்டியது. உயர் ரத்த அழுத்தம், குடலிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தவிர்க்க வேண்டும். என் அப்பா இப்படி ஒரு வீடியோவை நம்பி மதியச் சாப்பாடு முடிந்ததும் செய்துவிட்டு, சாயந்திரம் வரை நெஞ்செரிச்சலோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டபின் மெதுவாகக் கொஞ்ச தூரம் நடந்தாலே போதும். பதிவைத் தயவுசெய்து மாற்றிவிடுங்கள், எங்கள் குடும்பக் குழுவில் வயதானவர்கள்தான் இதை அதிகம் பகிர்கிறார்கள்.