மாருதி ஈகோ வேனின் கூரையை உயர்த்துவது பற்றி

வேனை உள்ளேயே சமைத்துத் தங்கும் பயண வண்டியாக மாற்ற, ‘ஈகோ வாங்கிக் கூரையை வெட்டி உயர்த்தினால் போதும், ஆர்.சி.யை (பதிவுச் சான்றிதழை) தொடவே வேண்டாம்’ என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது.

ஈகோவின் வெளிப்புற உயரமே 1,825 மி.மீ.தான் என்பதால், உள்ளே நிமிர்ந்து நின்று சமைக்க விரும்புவோர், ஆலையிலிருந்தே உயர்ந்த கூரையுடன் வரும் ஃபோர்ஸ் டிராவலர் போன்ற பெரிய வேனைப் பார்ப்பதே நல்லது. (பெங்களூரு ஜே.சி. ரோட்டுப் பட்டறை ஒன்றில், கூரை அறுத்த வண்டியின் பற்றவைப்பு ஓரத்தில் மழைநீர் கசிந்ததைக் கண்டேன்.)

எடையையும் மறக்க வேண்டாம்: 60 லிட்டர் தண்ணீர் என்றாலே 60 கிலோ, பிளைவுட்டும் பேட்டரியும் சேர்ந்தால், கர்நாடகத்தின் சிராடி மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக் அதை உணர்த்தும்.