பிரெஸ்ரோ அட்டையும் முதியோர் கட்டணமும்: ஒரு திருத்தம்

யாழ்ப்பாணத்திலிருந்து ரொறன்ரோவிலுள்ள பிள்ளைகளிடம் செல்லும் 65 வயதானவர்களுக்கு, பிரெஸ்ரோ எனும், ஏறும்போது தட்டிக் கட்டணம் செலுத்தும் பயண அட்டையை வாங்கியதுமே, ரீரீசி எனப்படும் ரொறன்ரோ நகரப் போக்குவரத்துச் சேவையின் பேருந்திலும் சுரங்க ரயிலிலும் முதியோர் கட்டணம் தானாகவே கழியும் என ஒருவர் எழுதியிருக்கிறார். வயதெல்லை சரிதான்; ஆனால், புதிய அட்டை வழமையாக வளர்ந்தோருக்கான முழுக் கட்டணத்துடனேயே வருகிறது என்பதால், அதனையும் பிறந்த திகதியுள்ள கடவுச்சீட்டையும் ஷொப்பர்ஸ் ட்ரக் மார்ட் எனும் மருந்துக் கடையொன்றில் காட்டி, முதியோர் வகைக்கு மாற்றித் தரும்படி கேட்க வேண்டும். (மகனின் கடனட்டையைத் தட்டி ஏறினாலும் முழுக் கட்டணமே கழியும்.) ஐயமுள்ளவர்கள் பிரெஸ்ரோ கணக்கிலுள்ள பயண விபரத்தைத் திறந்து, ஒரு பயணத்துக்குக் கழிக்கப்பட்ட தொகையை ரீரீசி இணையத்தளத்தின் முதியோர் கட்டணத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.