கம்பிரஸரை மாற்றச் சொல்லும் முன் அதிலிருந்து வரும் குழாயைக் கழட்டிப் பார்த்தால் என்ன?

லாரிக்கு பிரேக் ஏரில்தான். அந்த ஏரை அமுக்கி டேங்குக்கு அனுப்புவது கம்பிரஸர், வழியில் அதன் ஈரத்தை எடுப்பது டிரையர். மூன்று மாதத்தில் இரண்டு கம்பிரஸர், இரண்டு டிரையர் ஃபில்டர், அப்புறம் ஒரு முழு டிரையர். இவ்வளவுக்கும் பிறகு வண்டி ஏர் பிடிக்கவில்லை. வயிறு எரிந்துதான் இதை எழுதுகிறேன்.

என்னுடையது 40 அடி டிரெய்லர். சொந்த வண்டி, நானே டிரைவர். மணலி, மாதவரம் பக்கத்துக் கண்டெய்னர் யார்டுகளுக்கும் சென்னைத் துறைமுகத்துக்கும் நடுவில் ஓட்டம். வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வாடகை போச்சு. தவணை மட்டும் நிற்காது.

முதல் தடவை நின்றது எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில். ராத்திரி பதினொன்றரை மணி, துறைமுகத்தின் ஜீரோ கேட்டுக்குப் போகும் வரிசை. பஸ்ஸர் கத்த ஆரம்பித்தது. ஏர் அழுத்தம் காட்டும் மீட்டரில் முள் ஐந்து கிலோவுக்குக் கீழே. ஆக்சிலேட்டரை மிதித்துப் பிடித்தேன், ஏறவில்லை. முள் இன்னும் இறங்கி, கொஞ்ச நேரத்தில் பின் வீல் இறுகிவிட்டது. நடு ரோட்டில் வண்டி நகரவில்லை.

ஏர் போனால் லாரி நிற்காமல் ஓடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. கால் பிரேக் ஏரில் பிடிக்கிறது. பார்க்கிங் பிரேக் அதற்கு நேர்மாறு. பின் வீலில் பிரேக்கைத் தள்ளும் பூஸ்டருக்குள் ஒரு பெரிய ஸ்பிரிங் இருக்கிறது, அதை அமுக்கி வைத்திருப்பதே ஏர்தான். ஏர் இறங்கினால் ஸ்பிரிங் விரிந்து வீலைப் பிடித்துக்கொள்ளும். மறுபடி ஏர் ஏறும்வரை விடாது. இது தெரியாமல் அன்றைக்கு என்னைத் திட்டாத ஆள் இல்லை. பைக்கில் போனவர் கண்ணாடியில் தட்டித் திட்டினார். பின்னால் நின்ற வண்டிக்காரர், அவரும் டிரைவர்தான், அம்மாவை இழுத்துத் திட்டினார். நான் என்ன ஆசைப்பட்டா நடு ரோட்டில் நிறுத்தினேன்?

சரி, அவர்கள் கோபத்தை விடுகிறேன். பட்டறையில் நடந்ததைத்தான் விட முடியவில்லை.

வந்த மெக்கானிக் இன்ஜின் பக்கம் குனிந்தார், கம்பிரஸர் ஹெட் மேல் தண்ணீர் சொட்டுவிட்டுப் பார்த்தார், நிமிர்ந்தார். “கம்பிரஸர் போச்சுண்ணே.” மொத்தம் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு குழாயைக் கழட்டவில்லை. கசிவு இருக்கிறதா என்று ஒரு இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவவில்லை. ரீகண்டிஷன் கம்பிரஸர், மாட்டுக்கூலி எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய். மாட்டியதும் ஏர் ஏறியது. நானும் நம்பிவிட்டேன். ஏழு வாரத்தில் மறுபடி அதே பஸ்ஸர், இந்தத் தடவை எர்ணாவூர் மேம்பாலம் ஏறும் இடத்தில். “அந்தக் கம்பிரஸர் பீஸ் சரியில்லண்ணே, வேற போட்டுடலாம்” என்றார்கள். கூடவே டிரையர் ஃபில்டரும் மாற்றச் சொன்னார்கள். மாற்றினேன். பத்து நாளில் டிரையர் அடியில் விடாமல் கசிவு. “அப்போ டிரையரே போச்சு.” அதையும் மாற்றினேன். இரண்டாவது ஃபில்டர் எதற்கு மாற்றினார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பில்லில் இருக்கிறது, அவ்வளவுதான்.

இதற்குப் பேர் ரிப்பேரா? உடம்பு சுடுகிறது என்று போனவனுக்கு ரத்தம் பார்க்காமல் முதல் நாள் ஒரு ஊசி, மறுநாள் வேறு ஊசி, மூன்றாம் நாள் ஆபரேஷன் என்று போனால் அந்த டாக்டரை விடுவோமா? வண்டி விஷயத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டு காசைக் கொடுக்கிறோம். “மாத்திப் பாப்போம்ணே.” இந்த ஒரு வார்த்தையைக் கேட்டாலே இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யார் காசில் மாற்றிப் பார்க்கிறீர்கள்?

கடைசியில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெரியவரைக் கூப்பிட்டேன். பஸ் டிப்போவில் முப்பது வருடம் பிரேக் வேலை மட்டும் பார்த்து ரிட்டயர் ஆனவர். கையில் ஒரு பழைய பெயிண்ட் டப்பா, அதில் சோப்புத் தண்ணீர், ஒரு பிரஷ். வேறு எதுவும் எடுத்து வரவில்லை. வந்ததும் முதலில் வீல்களுக்குக் கட்டை போடச் சொன்னார். அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, டிரையர் கடைசியா எப்ப புஸ்ஸுன்னுச்சு?”

யோசித்தேன். நினைவில்லை. வரிசையில் நிற்கும்போது கேட்ட ஞாபகமே இல்லை.

அதிலேயே பாதி விஷயம் இருக்கிறது என்று அவர் சொன்னபோது எனக்குப் புரியவில்லை. பிறகு விளக்கினார். டிரையரின் ஃபில்டருக்குள் இருப்பது ஈரத்தை இழுத்துப் பிடிக்கும் சின்னச் சின்ன உருண்டைகள். டேங்க் நிரம்பி, வண்டியைப் பொறுத்து எட்டு கிலோவோ பத்து கிலோவோ வந்து, கம்பிரஸர் ஏர் ஏற்றுவதை நிறுத்தி கட் ஆகும்போதுதான் அடியில் வால்வ் திறந்து புஸ் என்று அடிக்கிறது. அந்த நேரம் கொஞ்சம் காய்ந்த ஏர் திரும்பி வந்து, உருண்டைகளில் பிடித்த ஈரத்தை வெளியே தள்ளுகிறது. கட் ஆகாவிட்டால் புஸ் இல்லை. புஸ் இல்லாவிட்டால் உருண்டை காயாது. காயாத டிரையரில் எத்தனை புது ஃபில்டர் போட்டாலும் அது கொஞ்ச நாளில் ஊறிப்போய் ஈரத்தை அப்படியே டேங்குக்கு விடும்.

நம் ஊர்க் காற்றை நினைத்துப் பாருங்கள். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர், எல்லாம் கடலை ஒட்டியே ஓடுகிற சாலை. 30 டிகிரி வெப்பத்தில் ஈரம் நிறைந்த காற்று, ஒரு கன மீட்டருக்கு 30 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அதை எட்டு கிலோவுக்கு அமுக்கினால் ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. சூடு ஆறியதும் பெரும்பகுதி ஈரம் தண்ணீராக விழுந்துதான் ஆக வேண்டும், வேறு எங்கே போகும்? டேங்க் அடியில் தண்ணீரை வடிக்க உள்ள வளையத்தைப் பெரியவர் இழுத்தார். பால் கலந்த காபி நிறத்தில் ஒரு குழம்பு பீச்சியடித்தது. தண்ணீரும் ஆயிலும் கலந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தத் தண்ணீர் இருக்கும் இடத்தில் ஏர் இருக்காது. வால்வுகளில் உள்ள கிரீஸை அது கழுவிவிடும், டேங்கை உள்ளே அரிக்கும். ஆயில் வேறு சேர்ந்தால் ரப்பர் ஊதிப்போகும். அந்த டேங்கை நம்பித்தான் முப்பது டன்னுக்கு மேல் எடையோடு நான் ஸ்கூல் விடும் நேரத்தில் ஊருக்குள் போய்க்கொண்டிருந்தேன். டிரையர் இல்லாத காலத்தில் கிளீனர் பையன் தினம் காலையில் அந்த வளையத்தை இழுப்பான். டிரையர் வந்த பிறகு அதைத் தொடுவாரே இல்லை. நானும் தொடவில்லை, அது என் தப்பு.

அப்புறம் இன்ஜினை ஓடவிட்டு, முடிந்த அளவு ஏர் ஏற்றி, அணைத்தார். பார்க்கிங் பிரேக்கை விடுவித்தார். ரேடியோவை நிறுத்தச் சொன்னார். முள்ளையே பார்த்துக்கொண்டு மூன்று நிமிடம். ஒரு கிலோ இறங்கிவிட்டது.

அமெரிக்காவில் கனரக வண்டி லைசன்ஸ் தேர்வுக்குப் போகிறவன் இந்தச் சோதனையைத் தன் கையால் செய்து காட்ட வேண்டும். இன்ஜின் அணைத்து, பிரேக் விடுவித்த நிலையில் நிமிடத்துக்கு 2 பிஎஸ்ஐக்கு (அங்கே ஏர் அழுத்தத்துக்கு அதுதான் அளவு) மேல் இறங்கக் கூடாது, டிரெய்லர் சேர்ந்திருந்தால் 3. பிரேக்கை மிதித்துப் பிடித்தால் 3, டிரெய்லரோடு 4. செய்யத் தெரியாவிட்டால் தேர்வில் தோல்வி. ஒரு கிலோ என்பது 14 பிஎஸ்ஐ. என் வண்டி நிமிடத்துக்கு ஐந்துக்குப் பக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. மூன்று மாதமாக என் பணத்தைத் தின்றவர்களில் ஒருவருக்குக்கூட மூன்று நிமிடம் முள்ளைப் பார்க்கத் தோன்றவில்லை!

டிரெய்லருக்குப் போகும் சிவப்பு ஹோஸின் வால்வை மூடினார். முள் நின்றுவிட்டது. அப்படியென்றால் கசிவு டிரெய்லர் பக்கம். முன்னால் இன்ஜினில் மாற்றிய எதற்கும் அதோடு சம்பந்தமே இல்லை. வால்வைத் திறந்து, சோப்புத் தண்ணீரோடு டிரெய்லருக்கு அடியில் போனார். பத்து நிமிடத்தில் கிடைத்தது. ஒரு நைலான் குழாய் சேஸிஸில் உரசி உரசித் தேய்ந்து, ஊசி முனை அளவு ஓட்டை. ஹோஸ் இணையும் கப்ளிங் ரப்பரிலும் லேசான குமிழ். இரண்டும் சேர்த்துச் சாமான் விலை 400 ரூபாய்கூட இல்லை.

“இப்ப மேல வா” என்றார். கம்பிரஸர் ஹெட்டிலிருந்து டிரையருக்குப் போகும் குழாயைக் கழட்டச் சொன்னார். கழட்டி என் கையில் கொடுத்தார். உள்ளே பார்த்தேன். விரல் நுழைய வேண்டிய குழாய்க்குள் கரி அப்பி அப்பி, நடுவில் பென்சில் முனை அளவுக்குத்தான் வழி இருந்தது.

நடந்தது இதுதான். டிரெய்லரில் ஏர் கசிந்துகொண்டே இருந்ததால் கம்பிரஸருக்கு ஓய்வே இல்லை. இந்த மாதிரி வண்டியில் ஓடும் நேரத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் அது லோடில், அதாவது ஏர் ஏற்றும் வேலையில், இருக்கக் கூடாது. என் வண்டி வரிசையில் ஊர்கிற வண்டி. நகர்ந்து பிரேக், நகர்ந்து பிரேக், ஒவ்வொரு மிதிக்கும் ஏர் செலவு. இன்ஜினோ ஐடிலில், கம்பிரஸர் மெதுவாகச் சுற்றுகிறது, குழாய் மேல் காற்று படுவதும் இல்லை. இதில் கசிவும் சேர்ந்தால் கட் ஆகவே ஆகாது. வெளியே வரும் ஏரின் சூடு 200 டிகிரியைத் தொடும். கூட வருகிற துளி ஆயில் அந்தச் சூட்டில் கருகிக் குழாயில் ஒட்டுகிறது. வழி குறையக் குறைய எதிர் அழுத்தம், அதனால் இன்னும் சூடு, இன்னும் ஆயில், இன்னும் கரி. அந்த ஆயில் டிரையர் உருண்டைகள் மேல் படிந்தால் அவை செத்ததுதான், அப்புறம் ஈரத்தை இழுக்காது. உதிர்ந்த கரித்துண்டு அடியில் உள்ள வால்வில் போய் உட்கார்ந்தால் அது சரியாக மூடாது. “டிரையரே போச்சு” என்று சொல்லி என்னிடம் வாங்கினார்களே, அது அந்தக் கரித்துண்டு.

அதைக்கூடக் கண்டுபிடித்திருக்கலாம். கம்பிரஸர் ஏர் ஏற்றிக்கொண்டிருக்கும்போது அடியில் கசிந்தால், அந்த வால்வின் சீட்டில் ஏதோ மாட்டியிருக்கிறது, கழட்டித் துடைத்தால் போதும். கட் ஆன பிறகு புஸ் அடித்து முடித்தும், இன்ஜினை அணைத்த பிறகும், முள் இறங்க இறங்க அங்கேயே போய்க்கொண்டிருந்தால், டேங்க் ஏரைத் திரும்ப விடாமல் தடுக்கும் வால்வு பழுது. எந்த நேரத்தில் கசிகிறது என்று நின்று கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பதில் முழு டிரையரையும் கழட்டித் தூக்கிப் போட்டார்கள்.

இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். கம்பிரஸர் மாற்றியபோது பழைய குழாயை அப்படியே மாட்டியவர்கள், அது நீளமாகச் சுற்றி வருகிறது, வெட்டிக் குறைத்துவிடலாமா என்றும் கேட்டார்கள். அந்த நீளமே சூடு ஆறத்தான்! குறைத்தால் கொதிக்கும் ஏர் நேராக டிரையருக்குள் போகும். நல்ல வேளை, நான் வேண்டாம் என்றேன், அதுவும் வெட்டுவதற்கு 300 கேட்டதால். காரணம் தெரிந்து சொல்லவில்லை.

பட்டறைக்காரர்களை மட்டும் சொல்லவில்லை. வண்டி வைத்திருக்கும் நாமும் அப்படித்தான். எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) வருகிறது என்றால் பெயிண்ட் அடிக்கிறோம், ரிஃப்ளெக்டர் ஒட்டுகிறோம், லைனிங் பார்க்கிறோம். ஏர் எத்தனை நிமிடத்தில் இறங்குகிறது என்று எத்தனை பேர் பார்க்கிறோம்? டேங்கிலிருந்து ஒரு டி ஜாயின்ட் போட்டு ஏர் ஹாரனுக்கு லைன் இழுக்கிறோம், டயருக்குக் காற்றுப் பிடிக்க இன்னொன்று. ஒவ்வொரு ஜாயின்ட்டும் ஒரு கசிவு. கடையில் அரை விலைக்குக் கிடைக்கிறதே என்று பேர் தெரியாத ஃபில்டர் வாங்கி மாட்டுகிறோம்.

பிரேக் பிடிக்காமல் போய் ஏதாவது ஆகிவிட்டால் அந்த நேரம் யார் நிற்பார்கள்? ஃபில்டர் விற்றவரா, குழாயைக் கழட்டாமல் கம்பிரஸர் மாற்றியவரா? ஸ்டீயரிங் பிடித்தவன்தான் நிற்பான். கவனக்குறைவால் சாவு என்று போடும் பிரிவை முன்பு 304ஏ என்றார்கள், 2024 ஜூலை 1 முதல் 106 என்கிறார்கள். எண் மாறியிருக்கிறது, கையில் விலங்கு டிரைவருக்குத்தான். “பிரேக் பிடிக்கல சார்” என்று அவன் சொன்னால் குடித்திருந்தானா என்றுதான் முதலில் கேட்பார்கள். டேங்க் வளையத்தை இழுத்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க யாரும் வர மாட்டார்கள்.

பெரியவர் அரை நாளில் எல்லாவற்றையும் முடித்தார். கரி பிடித்த குழாய்க்குப் புதுக் குழாய், நைலான் லைன், கப்ளிங் ரப்பர், ஆயில் ஏறிப் போன ஃபில்டருக்குப் பதில் நல்லதாக ஒன்று. டேங்குகளைச் சுத்தமாக வடித்து எடுத்தார். ஏர் கிளீனரிலிருந்து கம்பிரஸருக்கு வரும் ஹோஸ் உள்ளே சப்பியிருக்கிறதா என்றும் பார்த்தார், அது நன்றாக இருந்தது. எல்லாம் சேர்த்து, அவர் கூலியோடு, 7,000க்குள். கூலியே வேண்டாம் என்றார், நான்தான் சட்டைப் பையில் திணித்தேன். இப்போது வரிசையில் நிற்கும்போதுகூட அந்தப் புஸ் சத்தம் கேட்கிறது.

கிளம்பும்போது அவர் கேட்டார்: “முதல்ல கழட்டுன கம்பிரஸர் எங்க தம்பி? ரிங்கு பாத்தாங்களா? அது நல்லாத்தான் இருந்திருக்கும், ஏர் போக வழி இல்லாம தவிச்சிருக்கும்.”

மறுநாளே பட்டறைக்குப் போய்க் கேட்டேன். என் கம்பிரஸர், கம்பெனியிலிருந்து வண்டியோடு வந்தது. அன்றைக்கே விற்றுவிட்டார்களாம். யாருக்கு என்றால் பதில் இல்லை. செட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். மேடையில் நான்கு கம்பிரஸர், புதுச் சில்வர் பெயிண்ட் அடித்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு டிரைவர் நின்றுகொண்டிருந்தார், அவருக்கு “ரீகண்டிஷன்ணே, 14,000தான்” என்று விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்து, முதலில் உன் வண்டிக் குழாயைக் கழட்டிப் பார் என்றேன்.