சிக்மா இல்லாத புரோகேரியோட்டுகளும் உண்டு
"புரோகேரியோட்டுகள் எல்லாவற்றிலும் சிக்மா காரணி வழிகாட்டினால் போதும், ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் படியெடுக்கத் தொடங்கிவிடும்" என்று, மரபணுவின் டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. நகல் எடுக்கும் படியெடுத்தல் பற்றிய இந்தக் கட்டுரையில் ஒரு வரி வருகிறது. புரோகேரியோட்டுகள் என்றால் செல்லில் உட்கரு இல்லாத உயிர்கள்; பாலிமரேஸ் அந்த நகலை எடுக்கும் நொதி; அது எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டும் புரதம்தான் சிக்மா. பாக்டீரியாவுக்கு அது சரி. ஆனால் பாக்டீரியாவிலிருந்து வேறான ஒற்றைச் செல் உயிர்களான ஆர்க்கியாவுக்கும் உட்கரு இல்லையே, அவற்றை எங்கே வைப்பது? அவற்றில் சிக்மா கிடையாது. மரபணுவுக்குச் சற்று முன்னால் இருக்கும் டாட்டா பெட்டி என்ற டி.என்.ஏ. பகுதியை டி.பி.பி. என்ற புரதம் முதலில் பற்றிக்கொள்ளும், அப்புறம் டி.எஃப்.பி. என்ற இன்னொரு புரதம் வந்து சேரும், அதன் பிறகுதான் பாலிமரேஸ் அமரும். இது அப்படியே உட்கரு உள்ள உயிர்களான யூகேரியோட்டின் வழி, காரணிகள் மட்டும் குறைவு. பாலிமரேஸும் அதே சாயல்தான்: பாக்டீரியாவின் மைய நொதியில் 5 துணை அலகுகள், நம் செல்களில் எம்.ஆர்.என்.ஏ. (புரதம் செய்வதற்கான செய்தியைத் தாங்கும் ஆர்.என்.ஏ.) தயாரிக்கும் இரண்டாம் பாலிமரேஸில் 12, ஆர்க்கியாவிலும் பத்துக்கு மேல். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் பாக்டீரியாவின் பாலிமரேஸை முடக்கும், ஆர்க்கியாவினுடையதைத் தொடாது. மேலே பின்னூட்டத்தில் ஒரு நண்பர் "அப்படியானால் ஆர்க்கியாவை யூகேரியோட்டோடு சேர்த்துவிடலாமே" என்று கேட்டிருக்கிறார். அதுவும் பொருந்தாது. ஆர்க்கியாவில் பல மரபணுக்கள் ஒரே எம்.ஆர்.என்.ஏ.வாக வெளிவரும் ஓபரான்கள் உண்டு. தடுக்க உட்கருச் சவ்வு இல்லாததால், படியெடுத்தல் முடியும் முன்பே, புரதம் செய்யும் ரைபோசோம்கள் அந்த இழையில் ஏறிவிடவும் முடியும். நானும் பல வருடம் வகுப்பில் புரோகேரியோட், யூகேரியோட் என்று பலகையில் இரண்டே பத்தி போட்டுத்தான் இந்த வேறுபாட்டை எழுதிப்போட்டேன். ஒரு மாணவி எழுந்து "ஆர்க்கியா எந்தப் பக்கம்?" என்று கேட்ட நாளிலிருந்து பலகையில் மூன்று பத்திகள். கட்டுரையாளரும் அந்த வரியில் 'புரோகேரியோட்டுகள்' என்பதை 'பாக்டீரியா' என்று மாற்றினால் நன்றாக இருக்கும்.