ஹாப்ஸ் சொன்னது அதுவல்ல

"மனிதன் பிறவியிலேயே கெட்டவன், அவனை அடக்கத்தான் அரசு என்றார் ஹாப்ஸ்" என்று 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. 1651இல் வெளிவந்த ஹாப்ஸின் 'லெவயதான்' நூலின் 13ஆம் அத்தியாயத்தைப் புரட்டினாலே தெரிந்துவிடும். மனிதரின் ஆசைகள் தம்மளவில் பாவமல்ல என்று அங்கே வெளிப்படையாகவே எழுதுகிறார். சண்டைக்கு அவர் காட்டும் காரணங்கள் போட்டி, அவநம்பிக்கை, புகழாசை. இவற்றில் அவநம்பிக்கை பற்றிய பகுதியை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். பயணம் போகிறவன் ஆயுதம் எடுத்துக்கொள்கிறான். படுக்கும்முன் கதவைத் தாழிடுகிறான். வீட்டுக்குள்ளேயே பெட்டியையும் பூட்டிவைக்கிறான். சட்டமும் காவலும் இருக்கும்போதே இப்படி என்றால், அவை இல்லாத இடத்தில்? அடுத்தவன் முந்திக்கொள்வானோ என்ற பயத்தில் சாதுவும் கை ஓங்க நேரும். மிகப் பலவீனமானவனும் தந்திரத்தாலோ கூட்டுச் சேர்ந்தோ பலசாலியைக் கொன்றுவிட முடியும் என்பதால் யாருக்கும் நிம்மதி இல்லை.

ஓர் அரசுக்குக் கீழ்ப்படிவதாக மக்கள் தமக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தத்துக்கு வரும் காரணத்தையும், அடக்குவது என்று மட்டும் சொல்லி, அவர் பாதியாக்கிவிட்டார். சாவின் அச்சத்தோடு, வசதியாக வாழும் ஆசையையும், உழைத்தால் அது கிடைக்கும் என்ற நம்பிக்கையையும் ஹாப்ஸ் சேர்த்தே சொல்கிறார். விளைச்சல் தன் வீடு வந்து சேருமா என்று தெரியாத நிலத்தில் யார் ஏர் பூட்டுவார்? தன் உயிரைக் காத்துக்கொள்ளும் உரிமையை எந்த ஒப்பந்தத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது என்று எழுதியவரும் அவர்தான்.