கீட்டனை வீழ்த்தியது சத்தம் அல்ல

ஊமைப்படக் காமெடி என்றாலே நம்மூரில் சாப்ளின்தான். தப்பில்லை, எனக்கும் அவரைப் பிடிக்கும். ஆனால் அதே காலத்து அமெரிக்கக் காமெடி நடிகர், இயக்குநர் பஸ்டர் கீட்டன் பேச்சு எடுத்தால் ஒரு கதை தவறாமல் வந்துவிடும்: பேசும் படம் வந்தது, பாவம், மனுஷன் காணாமல் போனார். இதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அவர் குரல் கட்டையான, கரகரப்பான, கேட்க நல்ல குரல். மேடையிலேயே வளர்ந்தவருக்குப் பேசவா தெரியாது?

1895இல் அமெரிக்காவின் கான்சஸில் பிறந்தவர். விவரம் தெரியும் முன்பே அப்பா அம்மாவோடு மேடை ஏறிவிட்டார். ஆட்டமே அப்பா பையனைத் தூக்கி எறிவதுதான். எறிய வசதியாக இருக்கட்டும் என்று பையன் உடுப்பில் சூட்கேஸ் கைப்பிடியைத் தைத்து வைத்திருந்தார்கள். (குழந்தை நலச் சங்கங்கள் அன்றைக்கே அந்தக் குடும்பத்தை விடாமல் துரத்தின.) விழுந்து எழுந்து தான் சிரித்தால் கூட்டம் அடங்கிவிடுகிறது, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டால் வெடிக்கிறது என்று பையன் கண்டுகொண்டான். அந்த முகத்தைப் பார்த்து 'சோகக் கோமாளி' என்று உருகி எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். தொழில் கற்றுக்கொடுத்த முகம் அது.

1917இல் காமெடி நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிள் மூலம் சினிமாவுக்கு வந்தார். வந்ததும் செய்த வேலை, கேமராவை அக்கக்காகக் கழற்றிப் பார்த்தது. அந்த மெக்கானிக் புத்தி படம் முழுக்கத் தெரியும். கேமராவைத் தள்ளியே வைப்பார். தலை முதல் கால் வரை ஆளும் தெரியவேண்டும், அவரைச் சுற்றியுள்ள இடமும் தெரியவேண்டும். நடுவில் வெட்டி ஒட்டினால் ஏமாற்று என்று ஜனங்களுக்குத் தெரிந்துவிடும், சிரிப்பு போய்விடும் என்பது அவர் கணக்கு.

'தி ஜெனரல்' (1926) படத்தில் ஒரு இடம். எதிரிகள் முன்னால் ஓடும் ரயிலிலிருந்து தண்டவாளத்தின்மேல் ஸ்லீப்பர் கட்டைகளைப் போட்டுக்கொண்டே போகிறார்கள். இவர் தன் இன்ஜினிலிருந்து இறங்கி ஓடி ஒரு கட்டையைத் தூக்குகிறார். அதற்குள் பின்னால் ஆளில்லாமல் வரும் இன்ஜின் அவரைக் கட்டையோடு வாரி முன்பக்கக் கம்பித் தட்டில் உட்காரவைத்துவிடுகிறது. மடியில் பாரம், எழுந்திருக்க முடியாது. எதிரே இன்னொரு கட்டை. மடியில் இருப்பதைத் தூக்கி அந்தக் கட்டையின் நுனியில் போடுகிறார். இரண்டும் எகிறி வெளியே விழுகின்றன. நிஜ இன்ஜின், நிஜக் கட்டை, குறி தப்பினால் தடம் புரளும். அதே படத்தில் காதலி விரட்டிய துக்கத்தில் இன்ஜின் சக்கரங்களை இணைக்கும் தண்டின்மேல் உட்கார்ந்திருப்பார். இன்ஜின் நகரும், தண்டு அவரை மேலும் கீழுமாகச் சுற்றிக்கொண்டு போகும், அவர் கவனிக்கவே மாட்டார். சக்கரம் ஒரு தடவை வழுக்கிச் சுற்றியிருந்தால் ஆள் போயிருப்பார். அடிபடாமலும் இல்லை. 'ஷெர்லாக் ஜூனியர்' (1924) எடுக்கும்போது தண்ணீர்த் தொட்டிக் குழாயிலிருந்து கொட்டிய வேகத்தில் தண்டவாளத்தில் விழுந்து கழுத்தெலும்பு முறிந்திருக்கிறது. பல வருஷம் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் அவருக்கே தெரிந்தது!

'ஜெனரல்' பற்றி எனக்கு ஒரு உறுத்தலும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போராடிய தென்தரப்பு ஆள்தான் அதில் ஹீரோ. படத்துக்கு மூலமான 1862 நிஜச் சம்பவத்தில் ரயிலைக் கடத்தியவர்கள் வட தரப்பினர். கதையை அவர்கள் பக்கமிருந்து சொல்லாமல், ரயிலைத் துரத்திய தென்தரப்பு ஆளின் பக்கமாகக் கீட்டன் திருப்பிவிட்டார். சிரித்துக்கொண்டே பார்த்தாலும் இதை மறக்க முடிவதில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இப்படியெல்லாம் எடுக்க அவருக்கு என்ன தேவைப்பட்டது? ஸ்கிரிப்ட் கிடையாது. கதையின் தொடக்கமும் முடிவும் கையில் இருந்தால் போதும், நடுப்பகுதி தானாக வந்துவிடும் என்று இறங்கிவிடுவார். யோசனை ஓடவில்லையென்றால் படப்பிடிப்பை நிறுத்திவிட்டு யூனிட்டோடு பேஸ்பால் ஆடுவார். 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' (1928) படத்தில் புயலில் வீட்டின் முகப்புச் சுவர் மொத்தமாக அவர்மேல் சாய, மாடி ஜன்னல் இடைவெளி சரியாக அவர் நிற்கும் இடத்தில் வந்து இறங்குமே, அது இப்படிப்பட்ட சுதந்திரத்தில் மட்டும்தான் சாத்தியம். உடம்புக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் நடுவே சில அங்குலம்தான்.

ஆனால் 'ஜெனரல்' வசூலில் அடி வாங்கியது. 1928இல் தன் ஸ்டூடியோவை விட்டு எம்ஜிஎம் என்ற பெரிய ஹாலிவுட் கம்பெனியில் கையெழுத்துப் போட்டார். சாப்ளினும் இன்னொரு ஊமைப்படக் காமெடி நட்சத்திரமான ஹெரால்ட் லாயிடும் வேண்டாம் என்றே சொல்லியிருந்தார்கள். அங்கே எல்லாம் காகிதத்தில் வேண்டும், எழுத்தாளர் பட்டாளம் வேண்டும். விலையுயர்ந்த நடிகர் கீழே விழக்கூடாது. கீட்டன் விழக்கூடாதாம்! முதல் படம் 'தி கேமராமேன்' தப்பித்தது, அப்புறம் தரத்தில் இறக்கம்தான். வேடிக்கை என்னவென்றால் அங்கே அவர் நடித்த பேசும் படங்கள் நன்றாகவே ஓடின. சத்தம் அவரை அழித்ததென்றால் அவை ஏன் ஓடவேண்டும்? பறிபோனது படத்தின்மேல் இருந்த பிடி. குடி, விவாகரத்து என்று வாழ்க்கை சரிந்து 1933இல் வேலையும் போனது. வாரம் 3,000 டாலர் வாங்கியவர், பிறகு அதே கம்பெனியில் வாரம் 100 டாலருக்கு மற்றவர்களுக்கு ஜோக் பிடித்துக் கொடுத்தார்.

நல்லவேளை, கதை அதோடு முடியவில்லை. 1940இல் எலினாரைத் திருமணம் செய்தபிறகு நிலைக்கு வந்தார். 1950களில் பழைய படங்கள் தேடி எடுக்கப்பட்டன. 1966இல் இறப்பதற்கு முந்தைய வருஷம் வெனிஸ் திரைப்பட விழாவில் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஜாக்கி சான் 'ப்ராஜெக்ட் ஏ' இரண்டாம் பாகத்தில் அதே மாதிரிச் சுவரைத் தன்மேலேயே விழவைத்துக் கும்பிடு போட்டிருக்கிறார்.

1920களின் படங்கள் பெரும்பாலும் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. முதலில் 'ஒன் வீக்' (1920) பாருங்கள், அரைமணி நேரம்கூட ஆகாது. பிறகு 'ஷெர்லாக் ஜூனியர்'. போனில் வேண்டாம், டிவியில் போடுங்கள். அந்தத் தூரத்து ஷாட்டுகளில் ஆள் எறும்பாகிவிடுவார். எம்ஜிஎம்மின் பேசும் படங்களை விட்டுவிடலாம், ஒரு நஷ்டமும் இல்லை.